லிட்ஸ்ட்ரோம் மெதுவாக ஆடுவதுபோல் தெரிவது ஏன்?

கேள்வி:
ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. கொலராடோவின் கேல் மகார் ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிடித்துப்போனது, மனிதர் காலில் சக்கரம் கட்டியதுபோல் பறக்கிறார். போன வாரம் டெட்ராய்ட் ரெட் விங்ஸின் பழைய மேட்ச்களை நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமுக்காகவே தேடிப் பார்த்தேன். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான (தடுப்பாட்டக்காரருக்கான) நோரிஸ் டிராஃபியை 7 முறை வாங்கியவர். ஆனால் பெரிய வேகமும் இல்லை, இடித்துத் தள்ளுவதும் இல்லை, அவர்பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டிருக்கிறார். அப்படியும் அவரைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. எனக்கு எது பிடிபடவில்லை?

பதில் 1:
பக்கை (அடித்து ஆடும் ரப்பர் வட்டை) விட்டுவிட்டு அவருடைய ஸ்டிக்கை மட்டும் பாருங்கள். எதிரணி ஆள் வேகமெடுத்து வரும்போது இவர் பின்னோக்கிச் சறுக்கியபடியே ஒரு ஸ்டிக் நீளத்துக்குத்தான் இடைவெளி விடுவார், நடுப்பக்கத்தை உடம்பால் அடைத்துக்கொண்டு ஓரத்தில் வழி இருப்பதுபோல் காட்டுவார், வருகிறவன் அதை நம்பித் திரும்பினால் மைதானத்தைச் சுற்றியுள்ள போர்டுக்கும் இவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வான், அப்போது ஸ்டிக் நுனியால் ஒரே தட்டு, பக் இவரிடம். இடிக்க வேண்டிய அவசியமே வராது. 1564 ஆட்டங்களில் தவறுக்காக வெளியே உட்கார்ந்தது மொத்தமே 514 பெனால்ட்டி நிமிடங்கள், அதாவது ஆறு ஆட்டத்துக்கு ஒரு இரண்டு நிமிடப் பெனால்ட்டி என்ற கணக்கு. எதிரணியின் முதல் வரிசை ஃபார்வர்டுகளைத் தினமும் சமாளித்தவருக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை.

பதில் 2:
வேகம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூலையில் போய் பக்கை எடுப்பதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் பாருங்கள், அங்கேயே முடிவு எடுத்தாகிவிட்டது. எடுத்த மாத்திரத்தில் பாஸ் போய்விடும், நேராக ஸ்டிக்கில் வந்து உட்காரும். பக்கைவிட வேகமாக எந்தக் காலும் ஓடாது. அப்புறம், 2005-இல் ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பதையெல்லாம் நடுவர்கள் கறாராகத் தண்டிக்க ஆரம்பித்து ஆட்டமே வேகமானதே, அதற்குப் பிறகும் இவர் நான்கு நோரிஸ் வாங்கினார். கடைசியாக வாங்கியபோது வயது 41!

பதில் 3:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மகாரை வெறும் வேகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எதிரணிப் பகுதி தொடங்கும் ப்ளூ லைனில் பக்கோடு நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார், தடுக்க வந்தவன் எடையை அந்தக் காலுக்கு மாற்றுகிற நொடியில் இவர் மறுபக்கம் போயிருப்பார். அதுவும் எதிராளியைப் படிக்கிற வேலைதான், இவர் காலால் செய்கிறார், அவர் ஸ்டிக்கால் செய்தார். ஒரே வருடத்தில் நோரிஸையும் பிளேஆஃப்பின் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் தொடர்களின்) சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத்தையும் சேர்த்து வாங்கிய டிஃபென்ஸ்மேன்கள் பாபி ஓர், 2002-இல் லிட்ஸ்ட்ரோம், 2022-இல் மகார், மூன்றே பேர்தான்.

அந்த 2002 பிளேஆஃப்பில் வான்கூவரோடு நடந்த மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். தொடரில் டெட்ராய்ட் 0-2 பின்தங்கியிருக்கிறது, இரண்டாம் பீரியட் முடியப் போகிறது, ஸ்கோர் 1-1, லிட்ஸ்ட்ரோம் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஷாட் விடுகிறார், அது கோல்கீப்பரைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. அந்த ஆட்டத்தையும் அதற்கடுத்த மூன்றையும் ஜெயித்து, அந்த வருட சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் தூக்கினார்கள்.

கேள்வி கேட்டவர்:
பதில் 1 சொன்னபடி நேற்றிரவு ஸ்டிக்கை மட்டும் பார்த்தேன். வருகிறவர்கள் தாங்களாகவே ஓரத்துக்குப் போகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.