உல்லாப்பூல் கப்பலும் மச்சான்ர மோட்டச்சைக்கிளும்

வெள்ளவத்தையான்: ஜூனில லண்டன் மச்சான்ர மோட்டச்சைக்கிளில ஸ்கொட்லாந்துத் தீவுகளுக்குப் போறன். உல்லாப்பூலில ஏறி ஸ்டோர்னோவே, திரும்ப டார்பர்ட்டில ஏறி ஸ்கை தீவு. முதல் அறை எடுக்கிறதோ, கப்பலோ? நான் காலி வீதியைத் தாண்டி ஓடினதில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா: கப்பல்தான் தம்பி. அதுக்கேத்த மாதிரி அறையைப் போடும். முதல் கடவை ரெண்டே முக்கால் மணித்தியாலம் அளவில. மற்றது அதைவிடக் குறைவு. காத்து பலத்தால் ரத்துப் பண்ணுவாங்கள். விமானத்துக்கு முதல் ரெண்டு நாள் சும்மா விடும். நான் விடேல்லை, டிக்கெட் காசு போச்சு. மச்சான்ர இன்சூரன்ஸில உம்மட பேரும் இருக்கவேணும்.

தெஹிவளை ரைடர்: கப்பலில மோட்டச்சைக்கிளைக் கியரில விட்டுப் பட்டியால இறுக்கிக் கட்டோணும். சீட் கீறாமல் பழைய துவாய் ஒண்டு வையுங்கோ. கப்பல் ஓடேக்க வாகனத் தட்டுக்கு இறங்கேலாது. ஜக்கெட், மருந்து எல்லாம் மேல கொண்டுபோங்கோ. ஸ்டோர்னோவே இருக்கிற லூயிஸ் தீவில ஞாயிறு கனக்கக் கடை பூட்டு. பெற்றோல் சனியே அடியுங்கோ! வீதி எங்கட மாதிரி இடப்பக்கம்தான்.

வெள்ளவத்தையான்: அப்ப சனி இரவு ஸ்டோர்னோவேயில நிக்கிறன். இன்சூரன்ஸ் கதையை மச்சானிட்ட இண்டைக்கே கேக்கிறன். துவாய்க்கு அம்மாதான் சம்மதிக்கோணும்.