‘தாத்தா வீடு’ குழு, வியாழன் இரவு

நான்: வாரிசுச் சான்றிதழுக்கான பிரமாணப் பத்திரம் தயார். படம் அனுப்பியிருக்கிறேன். நாளை காலை 10 மணிக்கு நோட்டரி ஆபீஸ். பெரியப்பா, அத்தை, சித்தப்பா, ஆதார் அசலோடு வரவும்.

அத்தை: சரிம்மா. மெட்ரோ வாட்டர் லாரி வந்து போனதும் கிளம்புகிறேன்

பெரியப்பா: முதல் வரியைப் பார்த்தாயா? ‘கடவுள் அறிய ஆணையிட்டு’. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அத்தை: ஆரம்பித்தாச்சு

சித்தப்பா: அண்ணா, அது டைப் அடிப்பவர் எல்லோருக்கும் போடும் வரி. அமெரிக்காவில் டாலர் நோட்டிலேயே ‘கடவுளை நம்புகிறோம்’ என்று இருக்கிறது. கேஸ் போட்டாலும், அது மதமில்லை, சம்பிரதாயம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

பெரியப்பா: வெறும் சம்பிரதாயமா? எடுத்துவிட்டுப் பார்க்கட்டுமே, எத்தனை பேர் சண்டைக்கு வருகிறார்கள் என்று. அது தேசிய வாசகம் ஆனதே 1956-இல்தான், ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலத்தில். நம் கதையைக் கேள். 17.10.1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத், அரசியலமைப்பின் முகவுரை ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என்றார். இன்னொரு உறுப்பினர் பட்டம் தாணு பிள்ளை கடவுளை நம்புகிறவர்தான். அவரே, இது நம்பிக்கையைக் கட்டாயமாக்குவது என்று எதிர்த்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. பதவிப் பிரமாணத்திலும் ‘கடவுள் பெயரால்’, ‘உளமார’ என்று இரண்டு வழி வைத்தார்கள். 1967-இல் முதலமைச்சரானபோது அறிஞர் அண்ணா ‘உளமார’ என்றுதான் உறுதி எடுத்தார். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவனுக்கும் 1969 சட்டத்தில் அதே இரண்டு வழி உண்டு. அப்பா இருந்திருந்தால் இந்தத் தாளைத் தொட்டிருக்க மாட்டார்.

அத்தை: அப்பா பர்ஸில் முருகன் படம் இருந்தது

பெரியப்பா: அது அம்மா வைத்தது.

அத்தை: எடுத்துப் போடவில்லையே. அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த வெள்ளிக் குத்துவிளக்கு யாரிடம் இருக்கிறது?

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: பெரியப்பா, வரப்போகும் சான்றிதழில் தமிழ்நாடு அரசு முத்திரை இருக்கும். கோபுரத்தோடு. வாங்கிக்கொள்வீர்களா?

பெரியப்பா: அது கட்டடக்கலை.

சித்தப்பா: 😂 ஓஹோ, கோபுரம் மட்டும் சம்பிரதாயமா?

பெரியப்பா: முத்திரை அரசாங்கம் தனக்குப் போட்டுக்கொள்வது. இந்த வரியை என் வாயால் சொல்ல வைக்கிறார்கள். கீழே என் பெயர்.

நான்: சரி பெரியப்பா, ‘உளமார உறுதி கூறி’ என்று மாற்றச் சொல்கிறேன்.

அத்தை: எனக்கு மாற்றாதே. நான் கடவுள் அறியத்தான் போடுவேன்

நான்: எல்லோருக்கும் ஒரே பத்திரம் அத்தை 😭

அப்பா: தனித்தனியாக அடித்துவிடு

நான்: முத்திரைத்தாள் ஒன்றுதான் வாங்கினேன் அப்பா

அத்தை: நாளை வெள்ளி. 10.30-க்கு ராகுகாலம். அதற்குள் முடிந்துவிடுமா?

பெரியப்பா: நான் 10.30-க்குத்தான் வருவேன்.

அத்தை: எப்போதாவது வா. தம்பி, உன் வீட்டுக்காரி என்னவோ போட்டு அழித்தாளே, என்ன அது?