போர் விமானியின் இதயத்துடிப்பு பயத்தைக் காட்டுமா?

காற்றாடி:
வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படை விமானிகளின் இதயத்துடிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். குண்டு வீசும்போது இருந்ததைவிட, விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பும்போதும் திரும்பி இறங்கும்போதும்தான் துடிப்பு அதிகம். எதிரியின் பீரங்கியைவிடத் தன் கப்பல்மீதா பயம்?

பழைய ஈ.சி.ஜி.காரன்:
பயம் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? ஈ.சி.ஜி. எடுத்தே தலை நரைத்தவன் நான். துடிப்பு ஏன் ஏறியது என்பதை அந்தக் காகிதம் சொன்னதே இல்லை. ஆடும் தளத்தில், குறுக்கே கிடக்கும் கம்பியில் விமானத்தின் கொக்கி மாட்ட வேண்டும். அந்த வேலைக்கே இதயம் ஓடும். ஆம்ஸ்ட்ராங்கும் முன்னாள் கடற்படை விமானிதான். 1969இல் ராக்கெட் புறப்பட்டபோது அவருக்கு நிமிடத்துக்கு 110. நிலவில் இறங்கும்போது 150! அவரது அமைதியான குரலைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்.

வடக்குவாசல்:
போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். அதைத் தடுக்க விமானி தொடையையும் வயிற்றையும் இறுக்கிக்கொள்வார். மனம் அமைதியாக இருந்தாலும் துடிப்பு எகிறும். துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டைப் பார்ப்பதே மேல்.

பழைய ஈ.சி.ஜி.காரன்:
மூச்சை அடக்கினால் அதுவும் குழம்பும், ஐயா. விமானம் திரும்பும்போது உடலை அழுத்தும் ஜி விசையின் பதிவைப் பக்கத்தில் வைக்காமல் எந்த வரைபடத்தையும் நான் படிக்கமாட்டேன்.

காற்றாடி:
கைக்கடிகாரத்தில் அளந்தால்?

பழைய ஈ.சி.ஜி.காரன்:
முஷ்டியை இறுக்கிப் பிடிப்பவரிடமா? மின்முனைகளை மார்பில் ஒட்டுங்கள்.