ஹேவ்லாக்கில் படகு டைவா, கரை டைவா? மச்சானுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது

அதியமான்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் நானும் மச்சானும் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு) நாலைந்து நாள் தங்கல். இரண்டு பேரும் போன வருடம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கின் முதல் படிப்பு) முடித்தோம். அதற்கு அப்புறம் கடல் பக்கமே போகவில்லை. நீச்சலுக்குக் குறைவில்லை, சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி ஊர்க் கிணற்றில் பழகியதுதான்.

டைவ் ஷாப்பில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, கடற்கரையிலிருந்து நடந்தே இறங்குவது. இன்னொன்று, காலையில் படகில் கூட்டிப்போய் இரண்டு டைவ் முடித்து மதியம் கொண்டுவந்து விடுவது. படகுக்குக் காசு கூட. காசு கூடப் பரவாயில்லை, மச்சானை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. வத்தல்மலை வளைவுகளில் ஏறும்போதே வண்டியை நிறுத்தச் சொல்லும் ஆள். புதுச்சேரியில் படகு நங்கூரம் போட்டு நின்ற நேரமெல்லாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலைகவிழ்ந்தே இருந்தார். தண்ணீருக்குள் போனதும் தெளிந்துவிட்டார்.

கரை டைவ் என்பது முதல்முறை வருகிறவர்களுக்கு, அவ்வளவு தூரம் போய் அதையா செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து போகிறவர்கள் எதை எடுப்பது நல்லது?

பென்னாகரம்:

படகுதான் ப்ரோ. ஹேவ்லாக் வரை போய்விட்டு டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் பார்க்காமல் வந்தால் மனசு ஆறாது. பாறையைச் சுற்றி மீன் கூட்டம் கூட்டமாக நிற்கும். கரையிலிருந்து இறங்கும் நீமோ ரீஃபில், பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். மச்சானுக்கு ஒரு அவோமின் (பயணத்தில் வாந்தி வராமலிருக்கும் மாத்திரை) கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

தென்பெண்ணை:

தம்பி, பென்னாகரத்துத் தம்பி சொன்ன இரண்டும் அருமையான இடங்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது ஓப்பன் வாட்டர் அட்டை. அதற்கு எல்லை 18 மீட்டர். டிக்சன்ஸிலும் ஜானிஸிலும் பார்க்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கிறது, நீரோட்டமும் பலமாக இருக்கும். 30 மீட்டர் வரை போகும் அட்வான்ஸ்டு அட்டை உள்ளவர்களைத்தான் அங்கே கூட்டிப்போக விரும்புவார்கள். ஒரு வருடமாக ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாயில் வைக்காதவர்களை நல்ல ஷாப் எதுவும் முதல் நாளே அங்கே இறக்காது. அதனால் படகா கரையா என்று முடிவு செய்யும்போது அந்த இரண்டு இடங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். லீவு கிடைத்தால் நானும் வீட்டுக்காரரும் கடலுக்குக் கிளம்பிவிடுவோம். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் கடலைப் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் நாள் கரை, அடுத்த நாள் படகு. காசை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை.

முக்கியமான காரணம் வெயிட், அதாவது தண்ணீருக்குள் இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம். புதுச்சேரியில் உங்கள் இடுப்பில் எத்தனை கிலோ கட்டினார்களோ அதே கணக்கு இங்கே செல்லாது. உடுப்பு 3 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா, வருடத்தில் உடம்பு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று எல்லாம் சேர்ந்துதான் அது மாறும். இதைச் சரிபார்க்கக் கரையைப் போல வசதியான இடம் கிடையாது. கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய், பிசிடியில் (காற்று ஊதி மிதக்க உதவும் ஜாக்கெட்) இருக்கும் காற்று முழுவதையும் விட்டுவிட்டு, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்துப் பிடித்து, காலைத் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். தலை முழுக்க வெளியே நின்றால் ஒரு கிலோ சேர்க்கணும், கல்லு மாதிரி இறங்கினால் ஒன்றை எடுக்கணும்.

நிறைய பேர் மறந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. நிரம்பிய சிலிண்டருக்குள் இருக்கும் காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை இருக்கும். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி மூச்சில் போயிருக்கும். ஆரம்பத்தில் சரியாக இருந்த ஆள், கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில் மேலே மிதக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் நிரம்பிய சிலிண்டரோடு சரிபார்த்தால் இரண்டு கிலோ போல கூடுதலாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஆடுகிற படகிலிருந்து குதித்து, மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நமக்காகக் காத்திருக்கும்போது நிதானமாகச் செய்ய முடியாது.

காதும் அப்படித்தான். நீமோ ரீஃப் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் ஆகும் இடம். காது அடைத்தால் ஒரு மீட்டர் மேலே வந்து, மறுபடியும் மூக்கைப் பிடித்து ஊதிப் பார்க்கலாம். முடியவில்லையா, திரும்பி நடந்து வந்துவிடலாம். படகில் போனால் நமக்காக மற்றவர்கள் டைவ் கெட்டுவிடுமோ என்ற கூச்சத்திலேயே வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செவிப்பறை விஷயத்தில் அந்தக் கூச்சம் ஆபத்து.

ஆனால் கரை என்றாலே எல்லா ஊரிலும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் படித்த புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டிக் கொட்டிய பாறாங்கல், அதைத் தாண்டினால் உடையும் அலை, அதற்கு அப்புறம் வெறும் மணல். பார்க்கத் தகுந்த பாறையெல்லாம் தூரத்தில் இருப்பதால்தான் அங்கே படகில் போகிறார்கள். ஹேவ்லாக்கில் கரை பக்கம் அலை குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது ஓதம். நம் சோழமண்டலக் கரையில் தண்ணீர் ஏறி இறங்குவது பெரிதாகத் தெரியாது. அந்தமானில் நன்றாகவே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வடியும்போது வெகுதூரம் உள்வாங்கிவிடும். காற்று நிரப்பிய சிலிண்டர் மட்டுமே 16, 17 கிலோ. அதோடு வெயிட்டையும் சுமந்துகொண்டு, முழங்கால் தண்ணீரில், உடைந்த பவளத் துண்டுகள் கிடக்கும் தரையில் நடப்பது முட்டிக்கு நல்லதல்ல. உயிருள்ள பவளத்தை மிதிக்கவும் நேரும், அது இன்னும் மோசம். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து அமாவாசை, பௌர்ணமி தேதிகளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று ஷாப்பில் கேளுங்கள். ஏற்றத்தில் இறங்கினால் சில எட்டிலேயே மிதந்துவிடலாம்.

கரை டைவ் என்றால் மட்டம் என்கிற பேச்சையும் நம்பாதீர்கள். பாலியில் துலாம்பென் என்ற ஊரில் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பான் நீர்மூழ்கி டார்பிடோ அடித்து, கரையில் இழுத்து ஏற்றி நிறுத்திய கப்பல். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இன்றைக்கு அதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் கரையிலிருந்து நடந்துதான் இறங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். கரை முழுக்கக் கறுத்த உருண்டைக் கற்கள். அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு, கையை விட்டுவிட்டு நடக்கிறார்கள். ஒருவர் செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு கல் கூட உருளாமல் போனார். நான் பூட்ஸ் போட்டும் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டே போனேன். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் இரண்டு அலைக்கு நடுவில் ஃபின்னை (காலில் போடும் துடுப்பு) மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து உதைத்துவிட வேண்டும், நின்று யோசிக்கக் கூடாது.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவரை அடித்துப் போடுவது படகு ஓடும் நேரம் இல்லை, நிற்கும் நேரம். இரண்டு டைவுக்கு நடுவே ஒரு மணி நேரம் போல நங்கூரத்தில் ஆடும்போதுதான் புரட்டும். முதலில் தூரப் படகு எடுக்காதீர்கள். தி வால் என்ற இடம் ஜெட்டியிலிருந்து கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும், அதைக் கேளுங்கள். அங்கே சுவர் 18 மீட்டருக்கும் கீழே இறங்கிக்கொண்டே போகும், கைடு நிற்கும் மட்டத்திலேயே நில்லுங்கள். வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள், இரண்டு இட்லி போதும். இன்ஜின் புகை வராத பக்கம், படகின் நடுவில், தொடுவானத்தைப் பார்த்து உட்காரட்டும். சாமான்களைக் கரையிலேயே பூட்டிச் சரிபார்த்துவிட்டால் படகில் குனிந்து வேலை செய்ய வேண்டியதில்லை. தண்ணீருக்குள் வாந்தி வந்தால் ரெகுலேட்டரை எடுக்காமல் அதிலேயே எடுக்கலாம், வெளியே போய்விடும். பதறிக் கழற்றுவதுதான் ஆபத்து.

மாத்திரையை மட்டும் அப்படி லேசாகச் சொல்லாதீர்கள். அவோமின் தூக்கம் கொண்டுவரும். 15 மீட்டரில் தூக்கக் கலக்கம் வேடிக்கை இல்லை. டாக்டரிடம் டைவுக்காக என்று சொல்லியே கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்கே கூட்டிப்போய்ப் பாருங்கள், வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். தூக்கக் கலக்கம் வந்தால் அந்த மாத்திரை கடலுக்கு வேண்டாம்.

அதியமான்கோட்டை:

ரொம்ப நன்றி அக்கா. ஆழத்தின் எல்லையை நான் யோசிக்கவே இல்லை, ஷாப்பிலும் யாரும் சொல்லவில்லை. மச்சானிடம் படித்துக் காட்டினேன், துலாம்பென் போகலாம் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். இன்னொரு சந்தேகம். கிளம்புகிற நாள் காலையில் ஒரு கரை டைவ் செய்துவிட்டு மதியம் கப்பல் ஏறலாமா? ஆழம் குறைவுதானே.

ஓசூர் ரைடர்:

கப்பல் பிரச்சினை இல்லை, விமானம்தான் பிரச்சினை. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கணும். நிறைய ஷாப்பில் ஒரு நாள் முழுக்க விடச் சொல்வார்கள். ஆழம் குறைவு என்பதெல்லாம் இதில் செல்லாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முருடேஸ்வரில் நேத்ராணி தீவுக்குப் படகில் போய் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே காரில் ஓசூர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விமானக் கணக்கு 600 மீட்டர் உயரத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர், பெங்களூரும் அப்படித்தான். மலைத்தொடர் ஏறித்தான் வரணும். அங்கேயே ராத்திரி தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வருகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, கிருஷ்ணகிரி தாண்டி எங்கள் பக்கம் ஏறினால்தான்.

தென்பெண்ணை:

ஓசூர் தம்பி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் தண்ணீருக்குள் வேண்டாம், ராதாநகர் கடற்கரையில் குளித்துக்கொள்ளலாம். போய்ச் சேரும் நாளும் வேண்டாம், பயண அசதியோடு டைவ் கூடாது. நடுவில் கிடைப்பதில் முதல் நாள் நீமோ ரீஃப், ஒரே இடத்தில் இரண்டு தடவை இறங்குங்கள். இரண்டாவது தடவைதான் கண்ணுக்கு மீன் தெரியும். அடுத்த நாள் பக்கத்துப் படகு. அதில் மச்சான் முதல் டைவோடு போதும் என்றால் போதும், கட்டாயப்படுத்தாதீர்கள். அதற்கு அடுத்த நாள் அவருக்குக் கரை, உங்களுக்குப் படகு என்று பிரிந்துகொண்டாலும் தவறில்லை. ஆளுக்கு ஒரு கைடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஷாப்பில் பேசும்போது ஒரு கைடுக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஏறும் ஏணி எப்படி என்று கேளுங்கள். ஏணி முக்கியம். வெயிட் பெல்ட்டையும் ஃபின்னையும் முதலில் மேலே கொடுத்துவிட்டு ஏறணும், ஆனாலும் முதுகில் சிலிண்டரோடு ஆடுகிற ஏணியில் ஏறுவது லேசான வேலை இல்லை. சில படகில் தண்ணீரிலேயே பிசிடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், மச்சானுக்கு அது உதவும். பயணத் தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, முதல் நாள் காலையில் இறங்கலாமா மதியமா என்று சொல்கிறேன்.