புதுப்பிப்பு: மின்கட்டணம், அந்த 501-ஆவது யூனிட்

இரண்டு மாத பில்லை 500 யூனிட்டுக்குள் நிறுத்துங்கள் என்று முன்பு எழுதியதற்கு, "ஒரு யூனிட் கூடினால் என்ன ஆகிவிடும்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். கணக்கு இதோ.

தமிழ்நாட்டின் 2024 ஜூலை வீட்டு மின்கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 101–200க்கு ரூ.2.35, 201–400க்கு ரூ.4.70, 401–500க்கு ரூ.6.30. ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,805. 501 ஆனதும் அந்த 2.35 விகிதமே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. 501-ஆவது யூனிட்டுக்கு 8.40. மொத்தம் ரூ.2,048.40. ஒரே யூனிட்டுக்கு ரூ.243.40!

பலர் சறுக்குவது நாள் கணக்கில்தான். தினம் 8 யூனிட் என்றால் 60 நாளில் 480. ரீடிங் எடுக்க ஐந்து நாள் தாமதமானால் அதுவே 520. அதனால் ஏழரை யூனிட்டையே இலக்காக வையுங்கள். 65 நாளானாலும் 488-ஐத் தாண்டாது.

டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும். பக்கத்தில் 'கேடபிள்யூஹெச்' (kWh, அதாவது யூனிட்) என்று வருவதை மட்டும் குறியுங்கள். அதிலிருந்து ரீடிங் எழுதித் தரும் வெள்ளை அட்டையில் உள்ள கடைசி ரீடிங்கைக் கழித்தால் இதுவரை ஓடிய யூனிட். நாற்பதாம் நாள் 300-ஐத் தாண்டியிருந்தால் முதலில் கை வைக்கவேண்டியது ஏசி, அடுத்தது கீசர். எல்இடி பல்பை அணைத்து 500-ஐப் பிடிக்க முடியாது.