ஈகோ கார்கோவில் டூல்ஸ் டிராயர்: எந்தப் பலகை, எந்தச் சானல்?

திருப்பூர் வயர்மேன்:
வணக்கம். வீட்டு வயரிங், மோட்டார் வேலை செய்கிறேன். பழைய மாருதி ஈகோ கார்கோ வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்னால் முன்பு வைத்திருந்தவர் போட்ட பார்ட்டிகிள் போர்டு டிராயர்கள் இருக்கின்றன. மழையில் பின்கதவைத் திறக்கும்போது தெறித்த தண்ணீரிலேயே அடி ஓரம் ஊறி உப்பிவிட்டது. டிராயர் ஓடுகிற தண்டவாளமான சானலைப் பிடித்திருந்த ஸ்க்ரூ கையால் இழுத்தாலே வருகிறது, கூடவே மரத்தூளும் கொட்டுகிறது.

புதிதாக இரண்டு டிராயர் செய்ய வேண்டும். 3 அடி நீளம், 2 அடி அகலம். ஹாமர் டிரில், ஸ்பேனர் செட், வயர் காயில் எல்லாம் போட்டால் ஒன்றில் 40 கிலோ வரும். ஆசாரி 18 மி.மீ. பிளைவுட் என்கிறார். வெல்டிங் பட்டறையில் முழுக்க இரும்பு என்கிறார்கள். கடையில் பிவிசி போர்டு காட்டுகிறார்கள். எதைப் போடலாம்?

மதுரை மரவேலை:
பிவிசி போர்டு வேண்டாம் அண்ணா. தண்ணீர் ஏறாது, உண்மைதான். ஆனால் ஸ்க்ரூ பிடிப்பு குறைவு. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் சூடேறி இளகினால் 40 கிலோவுக்குத் தொய்ந்துவிடும். பிளைவுட்தான் சரி, 12 மி.மீ. போதும். 8க்கு 4 ஷீட் 18 மி.மீ. என்றால் 35 கிலோ பக்கம் வரும், 12 என்றால் 23 பக்கம். அந்த வித்தியாசத்துக்கு இன்னொரு டிரில்லே ஏற்றலாம்.

ஷீட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், அதுதான் மரைன் பிளை. அறுத்த ஓரங்களுக்குக் கட்டாயம் வார்னிஷ் இரண்டு கை கொடுங்கள். தண்ணீர் புகுவது முகப்பில் அல்ல, ஓரத்தில்தான்.

கரூர் பாடி பட்டறை:
பெட்டி பிளைவுட்டில் இருக்கட்டும், அதைத் தாங்கும் கூடு 25 மி.மீ. சதுர பைப்பில் இருக்கட்டும். 1.6 மி.மீ. கனம் போதும், மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். முழு இரும்பு வீண் சுமை, சத்தமும் தாங்காது. வண்டி அதிர்வில் ஸ்க்ரூ மெல்லக் கழன்றுகொண்டே வரும். அதனால் முடிந்த இடமெல்லாம் போல்ட், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் கழலாத நைலாக் நட்.

கூட்டைத் தரையோடு போல்ட் போட்டே ஆக வேண்டும். சடன் பிரேக் அடித்தால் அத்தனை எடையும் ஓட்டுநர் முதுகுக்குத்தான் வரும். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், வயரிங் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. அடியில் அகலமான தகடு வைத்து முறுக்குங்கள். துளை ஓரம் துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

திருப்பூர் வயர்மேன்:
நன்றி. சானல்? கடையில் 24 அங்குலம், 45 கிலோ தாங்கும் என்று ஒன்று இருக்கிறது.

ஓசூர் ஃபிட்டர்:
அது வீட்டு அலமாரிக்கான கணக்கு. பள்ளத்தில் இறங்கும்போது 40 கிலோ 40 கிலோவாக இருக்காது. தவிர 24 அங்குலச் சானல் இரண்டு அடிதான் வெளியே வரும், மீதி ஒரு அடி உள்ளேயே கிடக்கும். தூசி போனால் பேரிங்கும் இறுகும்.

36 அங்குல ஹெவி டியூட்டி கிடைக்கும், விலையும் எடையும் கூடுதல். சானலே இல்லாமலும் செய்யலாம். காய் நறுக்கும் வெள்ளைப் பலகை இருக்கிறதே, அந்த எச்டிபிஇ ஷீட்டைப் பட்டையாக அறுத்துக் கூட்டின் மேல் பதியுங்கள். டிராயர் அடியில் மைகா (வழவழப்பான லேமினேட் ஷீட்) ஒட்டினால் அதன்மேல் வழுக்கிக்கொண்டு வரும். இழுக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் உடைய எதுவும் இல்லை. பாதிக்கு மேல் இழுத்தால் டிராயரின் பின்பக்கம் மேலே எழும்பி மேல் பைப்பில் முட்டும், அங்கேயும் ஒரு பட்டை வையுங்கள். முழுக்க வெளியே வந்து காலில் விழாமல் பின்னால் ஒரு ஸ்டாப்பரும் வேண்டும்.

திருப்பூர் வயர்மேன்:
சரி, 12 மி.மீ. மரைன் பிளை, பைப் கூடு, வெள்ளைப் பட்டை என்று முடிவு செய்துவிட்டேன். மேட்டில் ஏறும்போது டிராயர் தானாகத் திறக்காதா?

கரூர் பாடி பட்டறை:
திறக்கும். காந்தப் பூட்டை நம்ப வேண்டாம். டிராயருக்கு ஒரு டவர் போல்ட் (கதவுத் தாழ்ப்பாள்), மேலிருந்து கீழே விழுகிற மாதிரி செங்குத்தாக வையுங்கள்.