நல்ல புத்தகத்தை இரவல் கொடுக்கலாமா? திருகோணமலை வாசகர்கள் சொல்லுங்கள்

நிலாவெளி டீச்சர்:
இப்போது நான் வாசிப்பது மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’. காலையில் மூதூர் பஸ்ஸில் இருந்துகொண்டு மூதூர்க் கதைகளை வாசிப்பது தனி சுகம். புத்தகம் என்னுடையதில்லை, கூடப் படிப்பிக்கும் அக்கா ஒருவர் தந்தது. அதில் வந்த யோசனைதான் இது. ஒவ்வொருவரும் இப்போது என்ன வாசிக்கிறோம், வீட்டு அலுமாரியில் எதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம் என்று எழுதுவோம். வேண்டியவர்கள் இரவல் வாங்கட்டும். இந்தியாவிலிருந்து வரும் புத்தகத்தின் அட்டை விலையைக் கடையில் எத்தனையால் பெருக்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளத்தில் எத்தனை வாங்க முடியும்?

உவர்மலை வாசகன்:
பட்டியல் எழுதுகிறேன், இரவல் தரமாட்டேன். என்னிடம் இருப்பவை: எழுபதுகளின் ‘மல்லிகை’ இலக்கிய இதழ்கள், ஆண்டுவாரியாகக் கட்டியவை. வீரகேசரி பிரசுர நாவல்கள் ஒரு தட்டு. திருக்கோணேச்சரம் பற்றிய பழைய வெளியீடுகள். இப்போது வாசிப்பது எதுவும் புதிதில்லை, மல்லிகையைத்தான் திரும்பப் புரட்டுகிறேன்.

ஏன் தரமாட்டேன் என்றும் சொல்கிறேன். நன்றாகப் பழகிய ஒருவருக்கு ஒரு தொகுதி கொடுத்தேன். திரும்பி வந்தபோது நடுவில் இரண்டு ஒற்றைகள் இல்லை. பிளேட்டால் தையலோடு ஒட்டி நேராக வெட்டியிருந்தது. கேட்டால், “பிள்ளையின் ஒப்படைக்குப் படம் தேவைப்பட்டது, கதை வெட்டவில்லையே” என்கிறார். படத்தின் பின்பக்கம் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஒரு கவிதையின் கடைசிப் பாதி.

கச்சான் காற்று:
அண்ணா, அந்த மனுசன் செய்தது அநியாயம். ஆனால் அதற்காகப் பூட்டி வைத்தால் தப்பிவிடும் என்று நினைக்கிறீர்களா? நாங்கள் இருப்பது திருகோணமலையில். 2004 டிசம்பர் 26 அலை கரையோர வீடுகளுக்குள் புகுந்தபோது கீழ்த்தட்டில் எது இருந்ததோ அது போனது. 1990இலும் 2006இலும் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டை, காணி உறுதி, நகை, இவைதான் பையில் ஏறின. புத்தக அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போனவர் யார்? யாழ்ப்பாண நூலகத்தில் 1981 மே 31 இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் இல்லாத பிரதிகளும் இருந்தன. ஒரு புத்தகம் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதுதான் ஆபத்து. பத்துக் கைக்குப் போனால் ஒன்றாவது மிஞ்சும்.

உவர்மலை வாசகன்:
தம்பி, உருக்கமாகத்தான் எழுதுகிறீர்கள், கணக்குத்தான் பிழை. நான் இரவல் கொடுத்தால் பிரதி பத்தாகாது. இருக்கிற ஒன்று பத்து வீடு சுற்றும், அவ்வளவுதான். அதுவும் நூலகம் எரிந்த பிறகு பழைய இதழ்களைத் தேடியவர்கள் எங்கே போய்த் தேடினார்கள்? என்னைப் போல ‘தரமாட்டேன்’ என்று சொன்ன கஞ்சன்களின் வீட்டுக்குத்தான்.

நிலாவெளி டீச்சர்:
அது சரி. ஆனால் நீங்கள் இருக்கும் மட்டும் அது உங்களுடைய அலுமாரி. அதற்குப் பிறகு? பென்சன் எடுத்த ஒரு ஆசிரியரின் சேகரிப்பு, அவர் காலமானதும், பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறியதைப் பார்த்தேன். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அவர் யாருக்கும் காட்டவேயில்லை.

கிண்ணியாப் பொடியன்:
ஸலாம். நான் எல்லாவற்றையும் போனில் வாசிப்பவன், திட்ட வேண்டாம். பழைய ஈழத்து இதழ்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் வாசித்தது. 2005இல் தொடங்கினார்கள், நூலும் இதழும் பத்திரிகையுமாக ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. உவர்மலை நானா அவருடைய தொகுதிகளை ஸ்கான் பண்ணிவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே? முதலில் தளத்தில் எந்த இதழ்கள் குறைகின்றன என்று பார்ப்போம். குறைவதை மட்டும் எடுத்தால் போதும்.

உவர்மலை வாசகன்:
கட்டிய தொகுதியை ஸ்கானர் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும். அந்தக் காலத்துச் செய்தித்தாள் கடதாசி ஏற்கெனவே பழுத்து நொறுங்குகிறது. அப்புறம் உரிமைப் பிரச்சினை. 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 70 வருடம் உரிமை இருக்கிறது. ‘தோணி’ எழுதியவர் மறைந்தது 2001இல். நினைத்தபடி இணையத்தில் போட உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமை?

கச்சான் காற்று:
அப்படியென்றால் நம்மூர் தி. த. சரவணமுத்துப்பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1902இலேயே காலமாகிவிட்டார். அவருடைய ‘மோகனாங்கி’ 1895இல் வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். பெருமை மட்டும் இரவல் போகிறது, புத்தகம் போகவில்லை.

கிண்ணியாப் பொடியன்:
நான் தூக்கவில்லை. 😅
உரிமை உள்ள நூலென்றால் எழுதியவரிடமோ குடும்பத்திடமோ அனுமதி கேட்கலாமே. முதுகும் உடையத் தேவையில்லை. புத்தகத்தை முழுக்க விரிக்காமல் பாதி திறந்து இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்து, மேலிருந்து போனால் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் போதும்.

கடல்முக வீதி:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. வாடைக் காற்று தொடங்கினாலே என் புத்தகங்களில் பூஞ்சணம். இராமபாணப் பூச்சி வேறு. பூச்சி உருண்டை போட்டும் நிற்கவில்லை. என்ன செய்கிறீர்கள்?

உவர்மலை வாசகன்:
இதற்குப் பதில் தாராளமாகத் தருவேன். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்க வேண்டாம், காற்று போக வேண்டும். பழைய கட்டுகளில் மாப்பசை இருக்கும், பூச்சி வருவது அதைத் தின்னத்தான். பூச்சி பிடித்த புத்தகத்தைப் பொலித்தீனில் காற்றில்லாமல் சுற்றி, ஒட்டி, ஃபிரீசரில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், குளிர் விட்டு ஒரு நாள் போகட்டும். எங்கள் வீட்டில் பாரை மீனுக்குப் பக்கத்தில் மல்லிகை இருந்த காலமும் உண்டு. மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. பூஞ்சணத்துக்கு நிழலில் காற்றாட விட்டு, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டுங்கள், மூக்கை மூடிக்கொண்டு. வெயிலில் போட்டால் கடதாசி இன்னும் பழுக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாத் தட்டையும் ஒருமுறை வெறுமையாக்கித் துடையுங்கள்.

கச்சான் காற்று:
என் பெயரையும் வேலைக்கு வைத்துவிட்டீர்கள். சரி அண்ணா, இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுவது யார் வாசிக்க?

உவர்மலை வாசகன்:
வீட்டுக்கு வந்து வாசியுங்கள். மேசை இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பிளேன் டீ தருவேன். புத்தகம் படலை தாண்டாது.

நிலாவெளி டீச்சர்:
புதிய புத்தகங்களை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். பெயர், திகதி, யாரிடம் போனது என்று கொப்பியில் எழுதி வைப்போம். பழையவை அண்ணா வீட்டில். ஆனால் ஒரு நிபந்தனை, என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலையும் இங்கே போட வேண்டும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அதில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

உவர்மலை வாசகன்:
பட்டியல் வரும். வெட்டுப்பட்ட தொகுதியையும் சேர்த்துத்தான் எழுதுவேன், எந்த ஒற்றைகள் இல்லை என்ற குறிப்போடு. யாரிடமாவது அந்த இதழ் முழுதாக இருந்தால் சொல்லுங்கள், இரவல் தந்தால் இரண்டு நாளில் திருப்பித் தருவேன்.

கச்சான் காற்று:
ஓகோ, இரவல் கேட்பது யார் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கிண்ணியாப் பொடியன்:
நான் சனிக்கிழமை வரலாமா நானா? போனும் இரண்டு தலையணையும் கொண்டு வருகிறேன்.

உவர்மலை வாசகன்:
வாங்கோ. தலையணை இங்கே இருக்கிறது. ஃபிளாஷ் போடக்கூடாது.